சர்க்கரைக்குத் துணையாகக் கல்

கேள்வி: சர்க்கரை நோயோடு இப்போது சிறுநீரகக் கல்லும் சேர்ந்துவிட்டது. தக்காளியை நிறுத்து, பாலை நிறுத்து, தினமும் இளநீர் குடி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்களே?
– வாசகர், வேலூர்

பதில்: முதலில் தக்காளிக்கு விடுதலை கொடுங்கள். அதன் விதை குடல் வழியே வெளியேறுகிற சமாச்சாரம். சிறுநீரகத்துக்குப் போய்க் கல்லாக உட்காராது. பாலும் மோரும் வேண்டும். உணவிலுள்ள கால்சியம், கல்லை உருவாக்கும் ஆக்சலேட் உப்பைக் குடலிலேயே மடக்கிப் பிடித்துவிடும். உண்மையான குற்றவாளி உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றுக்கும் கதவைச் சாத்துங்கள்.

இரண்டு நோய்க்கும் உறவும் உண்டு. சர்க்கரை நோயில் சிறுநீரின் அமிலத்தன்மை கூடும்; யூரிக் அமிலக் கல் எளிதில் உருவாகும். நாளுக்கு 2½ லிட்டர் சிறுநீர் போக வேண்டும். குடிக்கிற கணக்கல்ல, போகிற கணக்கு! வேலூர் வெயிலில் இன்னும் கூடுதலாகவே குடிக்க வேண்டியிருக்கும். எலுமிச்சைச் சாறு நல்லது, சர்க்கரையும் உப்பும் போடாமல். இளநீரில் இனிப்பும் உண்டு, பொட்டாசியமும் உண்டு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடுவதும் சிறுநீரகத்துக்கு ஆகாது.

வலியோடு குளிர்காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.