ஜோடிப் பொருத்தம்

கேள்வி: என் பழைய மகிந்திரா ஜீப்பின் பின் அச்சில் கிரௌன்-பினியன் போய்விட்டது. புதியதன் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. கோவை உக்கடத்தில் பழையது வாங்கலாமா?
– ஜீப் ஓட்டுநர், தேவிகுளம்

பதில்: தாராளமாக. ஆனால் அவை இரண்டும் புருஷன் பெண்டாட்டி மாதிரி, சேர்ந்தே தேய்ந்தவை. ஒன்றை மட்டும் வேறு வீட்டிலிருந்து கூட்டிவந்தால் மூணாறு வரைக்கும் சண்டை கேட்கும். ஜோடியாகவே வாங்குங்கள். கடையிலேயே பல்லை எண்ணி, பெரியதைச் சிறியதால் வகுத்துப் பாருங்கள். முன் அச்சிலும் அதே விகிதம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு சக்கர இழுவையைப் போட்டதும் முன்னே ஒரு வேகம், பின்னே ஒரு வேகம். சேற்றிலாவது டயர் வழுக்கித் தப்பிக்கும். தார்ச்சாலையில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் காரியம்தான். பல்லை எண்ணும்போது கடைக்காரர் முறைத்தால், மாடு பிடிக்க வந்தவன் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வேறு எதைப் பழசாக வாங்கலாம்?

பதில்: கதவு, பானட், பம்பர். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர், ஸ்டியரிங் பால் ஜாயின்ட் மட்டும் புதியது. கேப் ரோடு இறக்கத்தில் பேரம் பேச முடியாது.

கேள்வி: எஞ்சினையே பழசாகப் போட்டால்?

பதில்: கே.எல். 68 ஆர்.சி. புத்தகத்தில் ஒரு எண், வண்டியில் வேறு எண் என்றால் சோதனையில் நீங்கள்தான் திருடன். எண்ணைப் பதிவில் மாற்றாமல் சாவியைத் திருகாதீர்கள். புதுப்பேட்டையோ உக்கடமோ, பில் தராத கடையில் டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.