மைனர் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: என் பையனுக்குப் பதினைந்து வயது முடிகிறது. எந்த வங்கியில் கணக்குத் தொடங்கலாம்? அவன் பெயரிலேயா, என்னோடு சேர்த்தா?
– ஓர் அம்மா, கீழச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்

ப: அவனே நடந்துபோய் வரக்கூடிய கிளை எந்த வங்கிக்கு இருக்கிறதோ, அங்கே. பாஸ்புக்கில் பதிவு போடுவது, மெஷினில் கார்டு சிக்கினால் எழுதிக்கொடுப்பது, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேச்சு வாங்குவது எல்லாம் அவன் வேலை. தில்லைநகரில் ஏசி போட்ட கிளை இருக்கிறதே என்று அங்கே போனால், ஒவ்வொரு தடவையும் காவிரிப் பாலத்தைத் தாண்டி வண்டி ஓட்டப்போவது நீங்கள்தான்.

பத்து வயது நிரம்பிய பிள்ளை தனியாகவே சேமிப்புக் கணக்குத் தொடங்கி நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லிவிட்டது. 2025 ஏப்ரலில் விதிகளைத் திரட்டி மறுபடியும் சொன்னது. எவ்வளவு தொகை வரை, கார்டு உண்டா, நெட் பேங்கிங் உண்டா என்பதை மட்டும் அந்தந்த வங்கி முடிவு செய்யும். ஸ்டேட் வங்கியில் இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். ‘பெஹ்லா கதம்’ பெற்றோரோடு சேர்ந்த கணக்கு. ‘பெஹ்லி உடான்’ பிள்ளை தனியாக நடத்துவது. பத்து வயதும், ஒரே மாதிரி கையெழுத்துப் போடும் திறமையும் இருந்தால் போதும். பதினைந்து வயதுக்கு என் ஓட்டு இரண்டாவதற்கு. கார்டில் நாளொன்றுக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு என்பதால் நீங்கள் தூங்கலாம்.

வட்டியைப் பார்த்து வங்கியைத் தேடாதீர்கள். இவன் போடப்போகும் தொகைக்கு அரை சதவீத வித்தியாசம் ஒரு காபிக்குக்கூடக் காணாது. கட்டணத்தைப் பாருங்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் அபராதம் என்பதை ஸ்டேட் வங்கி 2020-லும், கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-லும் கைவிட்டன. தனியார் வங்கிகள் பலவற்றில் பிள்ளைகள் கணக்குக்கும் மாதச் சராசரி இருப்பு கேட்பார்கள். கார்டுக்கு ஆண்டுக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம் இரண்டையும் தொடங்குவதற்கு முன்பே கேட்டு, விண்ணப்பத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தாத்தா கொடுத்த ஐந்நூறில் கார்டு கட்டணம் பிடித்தால், பையனுக்குச் சேமிப்பு என்றாலே கசந்துவிடும்.

கே: கார்டில் என் போட்டோ வருமா?
– பிளஸ் ஒன் மாணவன், உறையூர்

ப: மேலே சொன்ன இரண்டு ஸ்டேட் வங்கிக் கணக்கிலும் வரும். கார்டைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டால் உங்கள் முகத்தோடு கார்டு நம்பரும் ஊரைச் சுற்றிவரும். அழகான போட்டோ ஸ்டுடியோவில் எடுத்துக்கொள்ளலாம், தம்பி.

கே: கணவர் குவைத்தில் இருக்கிறார். மகளோடு சேர்த்துக் கணக்குத் தொடங்கப் போனால் “அப்பா வந்து கையெழுத்துப் போடட்டும்” என்கிறார்கள். என் கையெழுத்து செல்லாதா?
– ஒரு தாய், பாலக்கரை

ப: செல்லும். தாயைக் காப்பாளராக வைத்து மைனர் கணக்குத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி 1976-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-ல் அதே ரிசர்வ் வங்கியிடம் தன் மைனர் மகன் பெயரில் கடன் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, அப்பா கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: தகப்பன் உயிரோடு இருந்தாலும், பிள்ளையின் பொறுப்பு அவர் கையில் இல்லாதபோது தாயே இயற்கைக் காப்பாளராக இருக்கலாம். ஊரில் இல்லாததும் அதில் அடக்கம்.

கவுன்ட்டரில் சண்டை வேண்டாம். மேனேஜரைப் பார்த்து, 2025 ஏப்ரல் 21 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையைக் குறிப்பிடுங்கள். மறுத்தால், மறுப்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பாதிச் சட்டம் மாறிவிடும்.

கே: பேரனுக்குக் கணக்கு எதற்கு? வங்கி மூழ்கினால் யார் பொறுப்பு? நான் பார்க்காத வங்கியா!
– ஒரு தாத்தா, தெற்கு உத்தர வீதி, ஸ்ரீரங்கம்

ப: உங்கள் பயம் நியாயமான பயம், ஐயா. நம் ஊர் திருச்சி யுனைடெட் வங்கி, பக்கத்துக் குளித்தலை வங்கி என்று நீங்கள் பார்த்த பெயர்ப் பலகைகள் 1960-களில் பெரிய வங்கிகளுக்குள் போய்விட்டன. கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் வங்கி 1960-ல் நிஜமாகவே மூழ்கியது. அந்த அடிக்குப் பிறகுதான் 1962-ல் வைப்புக் காப்பீடு வந்தது. அன்றைக்கு 1,500 ரூபாய்க்குக் காப்பு. 2020 பிப்ரவரியிலிருந்து ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம்.

அந்த வருஷமே நவம்பரில் கரூர் லட்சுமி விலாஸ் வங்கியில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதபடி கட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். பத்து நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைத்தார்கள். பணம் போட்டு வைத்தவர்களுக்கு ஒரு பைசா குறையவில்லை. பங்கு வாங்கியவர்கள்தான் கையைச் சுட்டுக்கொண்டார்கள். பேரன் கணக்கில் பணம் 5 லட்சத்தைத் தாண்டினால் எழுதுங்கள், அப்போது பயப்படுவோம்.

கே: மைனர் பையனுக்கு கிரெடிட் கார்டு கிடைக்குமா?
– ஓர் அப்பா, பொன்மலை

ப: அவன் பெயரில் கிடைக்காது. மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் மைனருக்குக் கடன் கொடுத்தவர் பணத்தைக் கோட்டைவிட்டார். வங்கிகள் அதை இன்னும் மறக்கவில்லை. மைனர் கணக்கில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகவே கூடாது என்பதும் விதி.

கே: மகளுக்கு டெபிட் கார்டு வந்துவிட்டது. தீபாவளி நேரம் என்.எஸ்.பி. ரோட்டுக் கூட்டத்தில் தொலைத்தால்?
– ஓர் அம்மா, சிந்தாமணி

ப: முதலில் வங்கி ஆப்பில் கார்டு பக்கத்தைத் திறங்கள். ஏடிஎம், கடை, ஆன்லைன், வெளிநாடு, தட்டிச் செலுத்துவது என்று வரிசையாகச் சின்னச் சின்னப் பொத்தான்கள் இருக்கும். 2020 அக்டோபரிலிருந்து வரும் புதுக் கார்டுகளில் உள்நாட்டு ஏடிஎம், கடை இரண்டும்தான் திறந்திருக்கும்; மற்றதை நாமாகத் திறந்தால்தான் உண்டு. தட்டிச் செலுத்துவதைத் திறக்கவே திறக்காதீர்கள். அதில் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது. பொறுக்கி எடுத்தவனுக்கு உங்கள் தீபாவளிப் பரிசாகிவிடும். கூடவே நாள் வரம்பை ஆயிரத்துக்கு இறக்கிவையுங்கள். தொலைந்தால் தேடுவதற்கு முன்பு கார்டை முடக்குங்கள்.

கே: மாதம் எத்தனை தடவை ஏடிஎம்மில் எடுக்கலாம்? நூறு நூறாக எடுப்பது என் பழக்கம்.
– கல்லூரி மாணவி, சத்திரம் பேருந்து நிலையம் அருகில்

ப: திருச்சி ரிசர்வ் வங்கிக் கணக்கில் மெட்ரோ இல்லை; லாபம் உங்களுக்கு. சொந்த வங்கியில் ஐந்து, பிற வங்கியில் ஐந்து இலவசம். அதற்குமேல் ஒவ்வொரு தடவையும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம். நூறு எடுக்க இருபத்துமூன்று என்றால் கந்துவட்டிக்காரரே வெட்கப்படுவார்.

கே: ஆதாரில் இனிஷியல் பின்னால், பள்ளிச் சான்றிதழில் முன்னால். பிள்ளைக்கு வயது 16. வங்கியில் இழுத்தடிக்கிறார்கள்.
– ஓர் அப்பா, காட்டூர்

ப: தமிழ்நாட்டின் தேசியப் பிரச்சினை இது. பள்ளிச் சான்றிதழைக் காட்டி ஆதாரைத் திருத்துங்கள்; கல்லூரி, பாஸ்போர்ட் எல்லாம் நாளைக்குச் சான்றிதழைத்தான் கேட்கும். போகிற போக்கில் கைரேகையையும் புதுப்பித்துவிடுங்கள். பதினைந்து வயதில் அது கட்டாயம், பதினேழு வரை கட்டணமில்லை. பிள்ளை அரசுப் பள்ளி என்றால் தள்ளிப்போடவே வேண்டாம். ‘புதுமைப் பெண்’, ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் வரும் மாதம் 1,000 ரூபாய் மாணவர் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போகும், அப்பா கணக்குக்குப் போகாது.

கே: 14 வயது மகளுக்குச் செல்வமகள் திட்டம் தொடங்கலாமா?
– ஒரு வாசகர், திருவெறும்பூர்

ப: பத்து வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். இப்போது தபால் நிலைய சேமிப்புக் கணக்கு நல்லது. 500 ரூபாயில் அவள் பெயரிலேயே தொடங்கலாம்.

கே: அண்ணா, என் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் ஒரு மாதம் கொடுத்தால் கமிஷன் தருவதாக ஒருவர் டெலிகிராமில் கேட்கிறார். கொடுக்கலாமா? பணம் நம்முடையது இல்லையே!
– பெயர் வேண்டாம், திருச்சி

ப: அது யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணம். உங்கள் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவை. கணக்கு முடங்கும், வழக்கில் உங்கள் பெயர் வரும், கமிஷன் கேட்டவர் டெலிகிராமிலேயே இருக்க மாட்டார். கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றைக்கே கார்டை முடக்கிவிட்டு, கிளையில் எழுதிக் கொடுத்துவிட்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். அதற்கெல்லாம் முன்பு வீட்டில் சொல்லுங்கள். திட்டுவார்கள், ஆனால் கூட வருவார்கள்.