நாழிகை சொல்லித் தப்பிக்கிற வித்தை

ஏலே மருமவனே, ‘ஒரு நிமிஷத்துல வாரேன் மாமா’ன்னு டீக்கடைக்குப் போனவன் வெயில் தாழ்ந்தப்புறம் வந்து நிக்கியே, அந்த நிமிஷத்தை எந்தக் கடையில வாங்குனே? வடமொழியில நிமிஷம்னா கண்ணு இமைக்குத நேரம்டா. உனக்கு ஒரு வாட்டி இமைக்க ஒரு மத்தியானம் ஆவுதுன்னா, முதல்ல கண்ணாஸ்பத்திரிக்குப் போ.

இனிமே நிமிஷம்னு சொல்லி மாட்டிக்காதே. எல்லாவன் கையிலயும் கடிகாரம் கெடக்கு. ‘ரெண்டு நாழிகையில வந்துருதேன்’னு சொல்லு. அது 48 நிமிஷம்னு எவனுக்குத் தெரியப்போவுது? பெரிய மனுசன் பேச்சு மாதிரியும் இருக்கும்.

ஆனா அர்த்தம் தெரியாமச் சொல்லி என் பேரைக் கெடுத்துறாதே. நாழின்னா உள்ளே பொள்ளலா இருக்குத குழாய். வடமொழிக்காரவுக நாடிம்பாக. நெல்லளக்குத நாழியும் அதே சொல்லுதான். எட்டு நாழி ஒரு குறுணி. நெல்லு சரி, நேரத்தை எப்பிடி அளந்தாகன்னு கேளேன்? கேக்க மாட்டே, செல்போனை நோண்டுதே. அடியில ஊசித் துவாரம் போட்ட வட்டிலைத் தண்ணியில மிதக்க விடுவாக. துவாரம் வழியாத் தண்ணி ஏறி, வட்டில் முங்குச்சுன்னா ஒரு நாழிகை. எடுத்துக் கவுத்திட்டு மறுபடி விடணும். பக்கத்துல இருக்குதவன் கண்ணசந்தான்னா ஊருக்கே பொழுது நின்னுபோவும். இதுக்குன்னே ராசாமாரு நாழிகைக் கணக்கர்னு ஆள் வச்சிருந்தாக. முல்லைப்பாட்டுல பாசறைக்குள்ளயே அந்த உத்தியோகம் வருது. நல்லவேளை, அன்னைக்கு நீ பொறக்கல.

ஒரு பகலும் ராவும் சேந்தா 60 நாழிகை. மணிக்கு ரெண்டரை, ராகு காலத்துக்கு மூணே முக்கால், சாமத்துக்கு ஏழரை. சூரியன் உதிச்சதுலருந்து எண்ணணும். நீ பாயைச் சுருட்டுத நேரமும் சரியா ஏழரைதான், பொருத்தமாத்தான் இருக்கு.

இன்னொரு கூத்தையும் கேளு. ஒரு நாழிகையை அறுபதாப் பிரிச்சா விநாழிகை. விநாடின்னும் சொல்லுவாக. கணக்குப்படி அது 24 செகண்டு. இப்பப் பள்ளிக்கூடத்துல விநாடின்னா ஒரே செகண்டு. கண்ணிமைக்குத நிமிஷமோ அறுபது செகண்டா வீங்கிட்டு. சொல்லுகளே வாக்குத் தவறி நடக்கும்போது, பாவம், நீ தவறுனா மட்டும் குத்தமா?

ஒண்ணே ஒண்ணு. இந்த வித்தையை உங்க அம்மாகிட்டக் காட்டிறாதே. வாக்கியப் பஞ்சாங்கத்துல திதியும் நட்சத்திரமும் இன்னும் நாழிகை, விநாழிகையிலதான் அச்சாவுது. எங்க அக்கா அதை வரி தப்பாமப் படிக்குதவ.