நிலவுக்கு ஏறிய பொருத்துவேலை
(ஓமந்தைப் பக்கத்து வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்)

சேமமடு வாசகர்: ரொக்கெட்டை ஏன் கட்டம் கட்டமாகச் செய்கிறார்கள்? ஒரே துண்டாகச் செய்தால் வேலை மிச்சம்தானே?

வேலை மிச்சம்தான். நிலவும் போகாமலே மிச்சம் கிடக்கும். எரிபொருள் தீர்ந்த தாங்கி வெறும் பாரம்; கழற்றி விட்டால்தான் மீதி வேகம் பிடிக்கும். அமெரிக்காவின் அப்பலோக்காரரை ஏற்றிய சற்றேர்ன்-5 ஏறத்தாழ 110 மீற்றர் உயரம், 2900 தொன் எடை. அந்த எடையில் முக்கால் பங்குக்கு மேல் முதற்கட்டம். இரண்டரை நிமிடம் சொச்சம் எரிந்துவிட்டு அத்லாந்திக் கடலில் விழுந்துவிடும்.

புளியங்குளம் வாசகர்: அவ்வளவு பெரியதை எந்தத் தொழிற்சாலையில் செய்தார்கள்?

ஒன்றில் இல்லை ஐயா. முதற்கட்டம் நியூ ஓர்லியன்சில் போயிங். இரண்டாவதும் மூன்றாவதும் கலிபோர்னியாவில், அதுவும் வெவ்வேறு கம்பனிகள். வழிகாட்டும் கணினி வளையம் ஐபிஎம். இரண்டாம் கட்டம் பனாமாக் கால்வாய் வழியாகக் கப்பலில் வந்தது. மூன்றாவது, வயிறு பெருத்த ஒரு விமானத்துக்குள் வந்தது. எல்லாம் புளோரிடாவில் 160 மீற்றர் உயரக் கட்டடத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின.

நொச்சிமோட்டை விவசாயி: அங்கிருந்து ஏவுதளத்துக்கு எதில் இழுத்தார்கள்?

நின்ற நிலையிலேயே, சங்கிலிச் சில்லு பூட்டிய ராட்சத ஊர்தியில். பாரத்தோடு வேகம் மணிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் சொச்சம். உங்கள் லாண்ட்மாஸ்டர் ஹோர்ன் அடித்து முந்திப் போயிருக்கும்.

ஓமந்தை மாணவி: முதல் செய்மதி, முதல் மனிதன் எல்லாம் சோவியத்துக்காரர். நிலவில் மட்டும் ஏன் தோற்றார்கள்?

நல்ல கேள்வி பிள்ளை. காரணம் பல. தலைமைப் பொறியியலாளர் கொரலியோவ் 1966 ஜனவரியில் இறந்தது ஒன்று. ஆனால் என் கணக்கில் பெரிய காரணம் பரீட்சை எழுதாமல் விட்டது. அவர்களின் என்-1 ரொக்கெட்டின் அடிப்பகுதி ஏறத்தாழ 17 மீற்றர் அகலம். எந்தப் புகையிரதத்தில் ஏற்றுவது? துண்டு துண்டாகப் பைக்கனூர் ஏவுதளத்துக்குக் கொண்டுவந்து அங்கேயே ஒட்டினார்கள். முதற்கட்டத்தில் 30 எஞ்சின். அத்தனையையும் ஒன்றாகத் தரையில் எரித்துப் பார்க்க ஒரு மேடை கட்டவில்லை. எஞ்சின்களில் சிலவற்றை மட்டும் எரித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றை நம்பிப் பொருத்தினார்கள். 1969 முதல் 1972 வரை நான்கு தரம் ஏவி, நான்கும் முதற்கட்டம் எரியும்போதே போயின. 1969 ஜூலை 3இல் ஏவியது திரும்பி ஏவுதளத்திலேயே விழுந்து அதையும் அழித்தது. அப்பலோ-11 நிலவில் இறங்க அப்போது 17 நாள் இருந்தது.

அமெரிக்கர் ஒவ்வொரு கட்டத்தையும் தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்த்த பிறகே ஏற்றினார்கள். காசு கரைந்தது, ஆள் பிழைத்தது.

கனகராயன்குளம் வயறிங் தொழிலாளி: அமெரிக்கன் பிழையே விடவில்லையோ?

விட்டான், அதுவும் உங்கள் தொழிலில்தான்! 1968 ஏப்ரலில் ஆளில்லாமல் போன அப்பலோ-6இன் இரண்டாம் கட்டத்தில் ஓர் எஞ்சின் பழுதாகி நின்றது. அதை மூடப் போன கட்டளை, வயர் மாறிப் பொருத்தியதால், பக்கத்திலிருந்த நல்ல எஞ்சினையும் நிறுத்திவிட்டது.

மாங்குளம் வாசகர்: இதில் தமிழருக்குப் பங்கு ஏதும்?

இந்தியாவின் நிலாப் பயணத்தில் நிறைய உண்டு. சந்திரயான்-3ஐ 2023 ஜூலை 14இல் தூக்கிய எல்விஎம்-3 ரொக்கெட் 43.5 மீற்றர் உயரம், 640 தொன். அதன் திரவ எரிபொருள் கட்டமும், கடுங்குளிர் ஐதரசனும் ஒட்சிசனும் நிரப்பும் மேல்கட்டமும் திருநெல்வேலி மகேந்திரகிரியிலிருந்து போனவை. மேல்கட்டத்தை உருவாக்கிய திட்டத்தின் இயக்குநர் நாராயணன் குமரி மாவட்டத்துக்காரர்; 2025 ஜனவரியில் இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவின் தலைவரானார். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்.

ஓமந்தை இளைஞர்: எங்கள் ஊரில் ஓர் ஏவுதளம் அமைத்தால் என்ன?

கழன்று விழும் கட்டங்களுக்குக் கீழே ஆளில்லாத கடல் வேண்டும் தம்பி. ஓமந்தையிலிருந்து கிழக்கே ஏவினால் முதலில் வருவது முல்லைத்தீவுச் சனம். இன்னொன்றும் கேளும்: இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து துருவப் பாதைக்குத் தெற்கே போகும் ரொக்கெட்டுகள் இலங்கையின் தலைக்கு மேல் போகாமல் வளைந்து சுற்றித்தான் போகின்றன. அந்த வளைவில் எரிபொருள் வீணாகிறது, ஏற்றும் பாரம் குறைகிறது. அதனால்தான் சிறிய ரொக்கெட்டுகளுக்காகத் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள்.