மாமாவுக்கு ஒரு ராக் பாட்டு

ஆல்டர்நேட்டிவ் ராக் கேட்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேட்டோமா, ரசித்தோமா, வேலையைப் பார்த்தோமா என்று இருக்க முடியாது. பாட்டு முடிவதற்குள் லிங்க்கை யாருக்காவது அனுப்பியாக வேண்டும். அனுப்பியதும் டிக் நீலமாகிறதா என்று பார்க்க வேண்டும். நீலமானால் 'எப்படி இருக்கு?' என்று கேட்க வேண்டும். 'நைட் கேக்குறேன்' என்று பதில் வரும். அந்த நைட் இதுவரை எந்த நண்பன் வீட்டிலும் வந்ததில்லை.

இளையராஜா ரசிகர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. டீக்கடை, டவுன் பஸ், கல்யாண மண்டபம் என்று அவர்கள் பாட்டு தானாகவே ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளை பஸ் நிலையம் வரை ரேடியோஹெட் போட்டுக்கொண்டு போன டிரைவரை நான் பார்த்ததில்லை. போட்டிருந்தால் மறுநாளே டிப்போவில் விசாரணை வைத்திருப்பார்கள்.

இந்த இசையே ஊரோடு ஒட்டாதவர்களுக்காக வந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, 'என்னை யாருக்கும் புரியாது' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கான பாட்டு. யாருக்கும் புரியக் கூடாது, ஆனால் எல்லோரும் லைக் போட வேண்டும். நிர்வாணா குழுவுக்கே இது நடந்தது. 1991 செப்டம்பரில் வந்த அவர்களுடைய 'நெவர்மைண்ட்' ஆல்பம், அடுத்த ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை பில்போர்டு பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டது. ஊரோடு ஒட்டாதவர்கள் அமெரிக்காவில் அத்தனை லட்சம் பேர் இருந்திருக்கிறார்கள், ஒருவரையொருவர் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு.

எங்கள் தெருவில் நான் ஒருத்தன்தான்.

லிங்க் என்ற வசதி வருவதற்கு முன் பாட்டைப் பகிரக் காசு செலவானது. பட்டியல் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் கடைகள் அப்போது உண்டு. மெட்ராஸில் படித்த சிநேகிதன் கொண்டுவந்த ஒரிஜினல் கேசட்டுகளைக் கொடுத்து பேர்ல் ஜாம், ஆர்.இ.எம்., சவுண்ட்கார்டன் என்று எழுதிக் கொடுத்தேன். பி பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சமாகிவிட்டது. கடைக்கார அண்ணாச்சிக்கு டேப்பை வீணாக்க மனசு வரவில்லை. பேர்ல் ஜாமின் எடி வெட்டர் அடிவயிற்றிலிருந்து அலறி ஓய்ந்த கையோடு டி.எம்.எஸ். முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். "கடேசிப் பாட்டு நல்லாருக்குல" என்றாள் அம்மா. நான் பகிர்ந்ததற்குக் கிடைத்த முதல் லைக் அதுதான்.

வீடியோ விஷயத்தில் புண்ணியம் கட்டிக்கொண்டது மைக்ரோசாஃப்ட். விண்டோஸ் 95 சி.டி.யில் வீசர் குழுவின் 'படி ஹாலி' பாட்டு வீடியோவையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கியது. 'ஹேப்பி டேஸ்' என்ற பழைய அமெரிக்கத் தொடரில் வரும் ஓட்டலுக்குள்ளேயே குழுவினர் நின்று பாடுவது போல வெட்டி ஒட்டியிருப்பார். ஃபாக்ஸ்ப்ரோ கற்க வந்த நாங்கள், கம்ப்யூட்டர் சென்டரில் தீப்பெட்டி அளவு ஜன்னலில் அதைச் சுற்றி நின்று பார்ப்போம். சார் வந்து, "இது சிலபஸ்ல இல்லை" என்று மூடிவிடுவார்.

நண்பர்கள் கைவிட்ட பிறகு எனக்கு மிச்சமிருந்தது குடும்ப வாட்ஸ்அப் குழு. காலை ரோஜாப்பூவுக்கும் சர்க்கரை வியாதி மருத்துவக் குறிப்புக்கும் நடுவில் என் சேவையைத் தொடங்கினேன். முதலில் 'நெவர்மைண்ட்' அட்டைப்படம். தண்ணீருக்கடியில் ஒரு கைக்குழந்தை, எதிரே தூண்டிலில் ஒரு டாலர் நோட்டு. பணம் நம்மைப் படுத்தும் பாடு பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். சித்தி அதைப் படிக்கவில்லை. "பச்சப்புள்ளயத் தண்ணிக்குள்ள விட்டுட்டு, பெத்தவ எங்க போனா?" என்று கேட்டாள். அந்தக் குழந்தை வளர்ந்து 2021-இல் அந்தப் படத்துக்காக வழக்குப் போட்டதைச் சொன்னேன். "போடாம என்ன செய்வான்? எத்தன நாள் மூக்கு ஒழுகுச்சோ" என்றாள்.

அடுத்து, தி வெர்வ் குழுவின் 'பிட்டர் ஸ்வீட் சிம்ஃபனி', 1997. பாடகர் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட் லண்டன் ஹாக்ஸ்டன் தெருவில் நேராக நடந்துகொண்டே இருப்பார். எதிரே வருகிறவர்களுக்கு விலக மாட்டார், இடித்துக்கொண்டே போவார். கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்ற மாமா வாய்ஸ் நோட் போட்டார். "எல, யாருல அவன்? அந்தம்மாவ இடிச்சிட்டுத் திரும்பிக்கூடப் பாக்காம போறான்?"

பேச்சைப் பாட்டின் பக்கம் திருப்பினேன். அதில் வரும் வயலின் இசை, ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றின் ஆர்கெஸ்ட்ரா வடிவத்திலிருந்து எடுத்தது. அதனால் வழக்கு வந்து, பாட்டின் உரிமையும் வருமானமும் ஆஷ்கிராஃப்ட்டின் கையைவிட்டுப் போனது. 2019-இல்தான் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் விட்டுக் கொடுத்தார்கள்.

"வழியில இடிச்ச பாவம்" என்றார் மாமா. கொஞ்சம் கழித்து, "வட்டியோடயா குடுத்தானுவ?" என்று இன்னொன்று.

ஆனாலும் குழுவை உலுக்கியது ரேடியோஹெட்டின் 'ஜஸ்ட்'. 1995-இல் ஜேமி த்ரேவ்ஸ் எடுத்த வீடியோ. கோட்டுப் போட்ட ஒரு மனிதர் நடைபாதையில் சும்மா படுத்துவிடுகிறார். ஒருவர் தடுக்கி விழுந்து, என்ன ஆச்சு என்று கேட்கிறார். கூட்டம் கூடுகிறது, போலீஸும் வருகிறது. பேச்செல்லாம் திரையின் அடியில் எழுத்தாக ஓடுகிறது. ஏன் படுத்திருக்கிறாய் என்று எல்லோரும் கெஞ்ச, கடைசியில் அவர் காரணத்தைச் சொல்கிறார். சரியாக அந்த இடத்தில் எழுத்து நின்றுவிடும். அடுத்த காட்சியில் அத்தனை பேரும் தெருவில் படுத்திருக்கிறார்கள். அவர் என்ன சொன்னார் என்பதை இயக்குநரும் குழுவும் இன்றுவரை வெளியே விடவில்லை.

எங்கள் குழு விடுமா? "ஈ.எம்.ஐ. பத்திச் சொல்லியிருப்பான்" என்றான் பெங்களூர் அத்தான். மாமா, பென்ஷன் அரியர்ஸ் என்றார். பெரியம்மா, முதுகுவலிக்குத் தரையில் படுத்தால் நல்லது என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினாள். பத்து மணிக்கு மேல் சித்தி எழுதினாள்: "மாடியில நின்னு நாலு பேரு கத்துதானுவள்லா, அது நிக்குற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னுருப்பான்." மாடியில் நின்று பாடுவது ரேடியோஹெட்தான். இந்த வீடியோ பற்றி நான் படித்த விளக்கங்களில் இதை மிஞ்சியது இல்லை.

ஓகே கோ குழுவின் ட்ரெட்மில் நடனத்தால் குடும்பம் இரண்டுபட்டது. 2006-இல் வந்த 'ஹியர் இட் கோஸ் அகெய்ன்'. எட்டு ட்ரெட்மில், நாலு பேர், வெட்டே இல்லாத ஒரே ஷாட், கிராமி விருது. நடனம் அமைத்தது பாடகரின் சகோதரி என்று ஆர்வக்கோளாறில் சொல்லிவைத்தேன். "கூடப்பொறந்தவ பேச்சக் கேக்குதான் பாரு. நம்ம வீட்லயும் ஒருத்தன் இருக்கானே" என்றாள் சித்தி. தாத்தா வீட்டுப் பாகப்பிரிவினை இன்னும் முடியவில்லை. மாமா குழுவைவிட்டு வெளியேறினார். பெரியம்மா திரும்பச் சேர்த்தாள். ஓகே கோ குழுவினரின் பாடும் பகிர்வதில்தான்: அவர்கள் வீடியோக்களை மற்ற தளங்களில் எடுத்து ஒட்ட முடியாதபடி சொந்த ரெக்கார்டு கம்பெனியே தடுத்துவிட்டது என்று பாடகர் டேமியன் குலாஷ் 2010-இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். எங்கள் குழுவிலும் அப்படி ஒரு தடை இருந்திருந்தால் சொத்துப் பேச்சு கிளம்பியிருக்காது.

பகிர்ந்தால் பலன் கிடைப்பது இத்தாலிக்காரர்களுக்கு மட்டும் எப்படி நடக்கிறது? செசேனா என்ற ஊர் பக்கம் 2015-இல் 1000 பேர் ஒரு மைதானத்தில் கூடி, கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் முழங்க ஃபூ ஃபைட்டர்ஸின் 'லேர்ன் டு ஃப்ளை' பாட்டை வாசித்து, 'எங்கள் ஊருக்கு வந்து பாடுங்கள்' என்று இணையத்தில் விட்டார்கள். உலகமே பகிர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஃபூ ஃபைட்டர்ஸ் வந்து பாடிவிட்டுப் போனார்கள். அந்த வீடியோவை அனுப்பினேன். "மைக்செட்டு யாரு?" என்று மாமா கேட்டார்.

போன மாதம் என் மகள் ஒரு ரீல் அனுப்பினாள். பாட்டைப் பாதி வேகத்துக்கு இழுத்து, எதிரொலி கலந்து, கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல ஆக்கியிருந்தார்கள். "அப்பா, புது சாங். உங்களுக்குப் புடிக்கும்." 1992-இல் வந்த ரேடியோஹெட்டின் 'க்ரீப்'. இதை உனக்கு நான் எப்போதோ அனுப்பிவிட்டேனே என்று நிரூபிக்க, எங்கள் உரையாடலைத் தேடிக்கொண்டு பின்னாலேயே போனேன். இருந்தது. அதன் கீழே அவள் பதிலும் இருந்தது: 'நைட் கேக்குறேன்.'

இன்னும் அனுப்பாமல் வைத்திருப்பது ஒன்றுதான். 1998-இல் வந்த ரேடியோஹெட்டின் 'நோ சர்ப்ரைசஸ்'. பாடகர் தாம் யார்க்கின் தலை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். கழுத்திலிருந்து தண்ணீர் ஏறி, வாய், மூக்கு, கண் எல்லாவற்றையும் மூடிவிடும். மூச்சைப் பிடித்தபடி நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இடத்தில் பாட்டை வேகமாக ஓடவிட்டுப் படம்பிடித்து, பிறகு மெதுவாக்கியிருக்கிறார்கள். இதையெல்லாம் விளக்கி ஒரு பெரிய குறிப்பு எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். ஆனால் சித்தி முதலில் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: "தல தொவட்டுனானா?"