பெயர் மறத்தல் இயல்: கொரியப் பள்ளி வழக்கை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

இவ்வியல் என்னுதலிற்றோ எனின், தென் கொரியப் பள்ளி ஆசிரியர் தம் மாணவர் பெயரைக் கற்குமாறும், மறக்குமாறும், மறந்தது வெளியே தெரியாமல் ஒழுகுமாறும் உணர்த்துதல் நுதலிற்று. மூன்றில் கடைசியே பெரும்பகுதி. அற்ப விஷயங்களுக்கெல்லாம் ஆய்வேடுகள் அட்டை கிழியக் கிடக்க, இதற்கு மட்டும் ஒரு நூல் இல்லாதது தமிழுக்குக் குறை என்று கருதி யாத்தோம். நிதியுதவி ஒருவரும் தரவில்லை.

அந்நாட்டில் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்கும். குளிர் இன்னும் விட்டிராத காலையில் வகுப்பாசிரியர் (அவர்கள் வழக்கில் 'தாமிம்') வருகைப் பதிவேட்டை விரித்து வாசிக்கிறார். குடும்பப்பெயர் முன்னே, பெரும்பாலும் ஓரசை. இட்ட பெயர் பின்னே, பெரும்பாலும் ஈரசை. மூன்று அசையை மனத்தில் வைக்க என்ன கேடு என்று கேட்பார் உளர். அவர்கள் 2015ஆம் ஆண்டுக் குடிமதிப்பைக் கண்டிலர். கிம் 21.5 விழுக்காடு, லீ 14.7, பாக் 8.4. கூட்டினால் 44.6. அதாவது 25 பேர் இருக்கும் வகுப்பில் 'கிம், லீ, பாக்' என்று குரல் கொடுத்தால் சராசரியாகப் பதினொரு தலை நிமிரும். யாப்பிலக்கணப்படி மூன்றும் நேரசை. தளை தட்டவில்லை, ஆசிரியர்தான் தடுமாறுகிறார். இது பற்றி முன்னோர் நூற்பா எதுவும் இல்லாமையால் நாமே ஒன்று செய்துகொண்டோம்:

கிம்மென் கிளவி முன்வரு காலை
அம்மவோ எனத்தலை சொறிதலும் உரித்தே.

அஃதேல், இட்ட பெயரால் பிரித்தறியலாமே எனின், அறியலாகாது. இட்ட பெயருக்கும் அங்கே பருவம் உண்டு. 1940களில் பிறந்த ஆண்பிள்ளை யொங்சு, பெண்பிள்ளை யொங்ஜா. இந்த நூற்றாண்டில் பிறந்தவர்களிலோ மின்ஜுன் என்ற பையன்களுக்குக் கணக்கில்லை. பெண்களில் சொயொன், சொயுன், சொஹ்யொன் என்று மூவர் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். முழுப்பெயரும் ஒன்றாகவே அமைந்துவிட்டால் பதிவேட்டில் 'கிம் மின்ஜி ஏ', 'கிம் மின்ஜி பி' என்று எழுதிக்கொள்வது ஆசிரியர் வழக்கு. வெளியார் இதை மதிப்பெண் என்று மயங்கற்க. 'பெரிய ஜிமின், சின்ன ஜிமின்' என்று உயரத்தால் பிரிப்பதும் உண்டு. சின்ன ஜிமின் அடுத்த ஆண்டே பெரிய ஜிமினைத் தாண்டி வளர்ந்துவிடுவான், பட்டம் மட்டும் வளராது. போதாக்குறைக்கு உடன்பிறந்தாருக்கும் பங்காளிப் பிள்ளைகளுக்கும் பெயரில் ஓர் அசையைப் பொதுவாக வைக்கும் பழைய மரபு. அண்ணன் மின்சு, தம்பி மின்ஹோ. அண்ணனுக்குப் பாடம் நடத்திய ஆசிரியரிடம் தம்பி வந்து சேர்ந்தால், பாவம், ஓராண்டு முழுவதும் மின்சுதான்.

இனிப் பதிவேட்டின் வைப்புமுறை. கொரிய நெடுங்கணக்கு ககரத்தில் தொடங்கி, மெய்வரிசையில் ஹகரத்தில் முடிவது. வரிசை எண்ணும் அவ்வாறே. தலைமாட்டில் காங், கோ, க்வொன், அவர்களை ஒட்டிக் கிம் கூட்டம். நடுவே பாக். வெகுதூரம் தள்ளி லீ. கால்மாட்டில் ஹான், ஹொ, ஹோங், ஹ்வாங். இங்கே ஓர் இடைப்பிறவரல். கிம்ஹே ஊர்க் கிம் குலத்தார் கயா நாட்டு அரசன் சுரோவின் வழியினர் என்பது மரபு. அவன் மனைவி ஆயுதா என்னும் நாட்டிலிருந்து கடல் கடந்து வந்த ஹொ ஹ்வாங்-ஓக் என்று 13ஆம் நூற்றாண்டு நூலான சம்குக் யூசா கூறும். ஆயுதா என்பது அயோத்தி என்பார் ஒரு சாரார். நம்மவர் சிலர் அவளுக்குச் செம்பவளம் என்று பெயர் சூட்டிப் பாண்டிநாட்டு மகளாகவே ஆக்கிவிட்டனர். அந்த வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. அவள் பிள்ளைகளில் இருவர் தாயின் பெயரை ஏற்று ஹொ குலமானார்கள் என்பதே நமக்கு வேண்டியது. எனவே இன்றும் கொரிய வருகைப் பதிவேட்டில் அரசன் வழியினர் தலைப்பிலும் அரசி வழியினர் கடைசியிலும் நிற்கிறார்கள். இடையில் ஒரு வகுப்பே உட்கார்ந்திருக்கிறது.

எண் கிடைத்ததும் பெயருக்கு வேலை குறைந்துவிடும். மூன்றாம் ஆண்டு, இரண்டாம் பிரிவு, பதினைந்தாம் எண் என்றால் ஆள் கிடைத்தான். கேள்விக்கு ஒருவரை எழுப்ப வேண்டுமா, கொரிய ஆசிரியர் கேட்பது "இன்றைக்கு என்ன தேதி?" அவ்வளவுதான், வகுப்பு மூச்சடங்கும். பதினைந்து என்றால் 15ஆம் எண் எழும். அவன் விழித்தால் 5, பிறகு 25. விவரமான பிள்ளை காலையிலேயே நாட்காட்டியைப் பார்த்துத் தன் பத்தியைப் படித்து வந்திருக்கும். அதை அறிந்த ஆசிரியர் மாதத்தையும் தேதியையும் கூட்டி வேறோர் எண்ணைப் பிடிப்பார். நம் கணக்குப்படி, 31 நாள் உள்ள மாதத்தில் ஒன்றில் முடியும் எண்காரர்களுக்கு நான்கு முறை கண்டம், ஏனையோருக்கு மூன்றே. பையன்களுக்கு 1 முதலும் பெண்களுக்கு 51 முதலும் எண் கொடுத்த பள்ளிகளும் இருந்தன. அது பாகுபாடு என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் சொல்லிற்று. அப்படிப்பட்ட பள்ளியில் 51க்குத் தேதி ஏது என்ற நுட்பத்தை ஆணையம் கவனித்ததா தெரியவில்லை.

சட்டையில் தைத்த பெயர்ப்பட்டை இருக்கிறதே எனின், இருந்தது. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிச் சீருடையின் மார்பில் பெயரை நூலால் தைத்துவிடுவார்கள். ஆசிரியர் முகத்தைப் பார்ப்பதுபோல மார்பைப் படித்துவிட்டு "அடடே, ஜிஹூன்!" என்று வாஞ்சையோடு அழைக்கலாம். தெருவில் போகிற வருகிறவனுக்கெல்லாம் பிள்ளையின் பெயர் தெரிவது தனியுரிமைக்குக் கேடு என்று 2009இல் அதே ஆணையம் கூறியது. நியாயம்தான். ஆனால் ஆசிரியர் நினைவாற்றலுக்கு நேர்ந்த இழப்பை யார் ஈடுசெய்வது? மிச்சமிருப்பது மேசையில் ஒட்டிய இருக்கைப் படம். கட்டம் கட்டமாகப் பெயர், சிலர் படமும் ஒட்டியிருப்பார்கள். கண்ணைத் தாழ்த்தி ஒரு நொடி பார்த்துவிட்டு நிமிர்ந்து அழைப்பது பயிற்சியால் வரும் கலை. அதையும் மாதந்தோறும் சீட்டுக் குலுக்கி இடம் மாற்றிக் கெடுப்பார்கள். பழைய படத்தைப் பார்த்து அழைத்தால் வேறொரு பிள்ளை எழும், வகுப்பு சிரிக்கும். முகக்கவசக் காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2023 ஜனவரி இறுதியில் கட்டாயம் நீங்கியபோது, பல ஆசிரியர்கள் தெரிந்த பெயர்களுக்குப் புதிதாக மூக்கும் வாயும் கற்றார்கள்.

ஆங்கிலம் கற்பிக்க வரும் வெளிநாட்டார் நிலை தனி. வாரத்துக்கு 22 பாடவேளை, ஒவ்வொன்றும் வேறு வகுப்பு என்று வையுங்கள். ஐந்நூறு பெயர். இவர்களுக்காகவே பிள்ளைகளுக்கு ஏமி, கெவின் என்று ஆங்கிலப் பெயர் சூட்டும் வழக்கம் உண்டு. ஐந்நூறு பெயரை மறந்தவர் இப்போது ஆயிரம் பெயரை மறக்கிறார்.

பெயர் மனத்தில் நிற்கும் வரிசை பற்றி எமக்கு ஐயம் இல்லை. முதல் வாரத்திலேயே நிற்பது அடங்காத பிள்ளையின் பெயர். கண்டிக்கப் பெயர் வேண்டும், பாராட்ட ஒரு தலையாட்டல் போதும். அடுத்தது முதல் மதிப்பெண்காரர். நடுவில் சத்தமில்லாமல் இருக்கும் பிள்ளைக்கு முறை வருவது ஆண்டிறுதியில், அதுவும் கட்டாயத்தால். வகுப்பாசிரியர் ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளி ஆவணத்தில் நடத்தை பற்றி ஒரு பத்தி எழுதியாக வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் அந்த ஆவணம் பல்கலைக்கழகச் சேர்க்கை வரை போகிறது. முகம் நினைவுக்கு வராத பிள்ளைக்கு ஆசிரியர் உலகெங்கும் எழுதுவதைத்தான் எழுதுவார்: 'அமைதியானவர், பிறரை மதிப்பவர், தம் கடமையைத் தவறாது செய்பவர்.' இந்த மூன்று தொடரும் சேர்ந்து வந்தால் அந்த ஆசிரியருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது என்பது எம் துணிபு. இவ்வியலில் வேடிக்கையில்லாத இடம் இது ஒன்றுதான்.

மே 15 அங்கே ஆசிரியர் நாள். எழுத்தை ஆக்கிய அரசர் செஜோங்கின் பிறந்தநாளை 1965இல் அதற்கென்று ஒதுக்கினார்கள். அன்று பழைய மாணவர்கள் பள்ளிக்கு வருவார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாறுகிறவர்கள். அவர்களுள் ஒருவர், பல நூறு கிம்களைக் கடந்து வந்தவர். அவர் முன் ஒரு வாலிபன் வந்து நின்று, "சொன்செங்னிம் (ஆசிரியரே), என்னை ஞாபகம் இருக்கிறதா?" என்கிறான். அவர் "ஓ, நீயா! எவ்வளவு வளர்ந்துவிட்டாய்!" என்கிறார். இந்த விடை எந்நாட்டு ஆசிரியருக்கும் பொது. ஆகவே வாசகர்க்கு ஒரு விண்ணப்பம்: பழைய ஆசிரியரைப் பார்க்கப் போனால் "என்னைத் தெரியுதா சார்?" என்று தேர்வு வைக்காதீர்கள். பெயர், ஆண்டு, பிரிவு மூன்றையும் வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.