கயிலாயத்தில் கடல்

கேள்வி: மலை எப்படி உண்டாயிற்று என்று ஆராய, நிலவியல் பேராசிரியருக்கு ஆயுள் முழுக்கச் சம்பளம் தருகிறார்களே! மலை எங்கே ஓடிவிடப் போகிறது?

பதில்: ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தியா இன்றும் வருடத்துக்கு நாலைந்து சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. சுமார் 5 கோடி ஆண்டுகளாக ஆசியாவுடன் முட்டல். சம்பந்திச் சண்டை போல இரு தரப்பும் விட்டுக்கொடுக்காததில் நடுவே நிமிர்ந்ததுதான் இமயமலை.

ஸ்விட்சர்லாந்தின் நிலவியலாளர் அகுஸ்தோ கான்சர், 1936-ல் வெளிநாட்டவர் நுழையக் கூடாத திபெத்துக்குள் யாத்ரீகர் வேடத்தில் புகுந்தார். அங்கிக்குள் சுத்தியல்! பக்தர்களோடு கயிலாயத்தை வலம் வந்தார். மற்றவர்கள் சிகரத்தைப் பார்க்க, இவர் கண் காலடிக் கல்லில். புண்ணியம் யாருக்கு அதிகமோ, தெரியாது. ஆனால் கயிலாயத்துக்குத் தெற்கே அவர் கண்ட கரும்பச்சைப் பாறைகள் ஆழ்கடல் தரையில் இருக்க வேண்டியவை. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே கிடந்து காணாமல் போன டெதிஸ் கடலின் மிச்சம் அவை. இரு கண்டங்களும் ஒட்டிய தையல் அங்கேதான் ஓடுகிறது. கண்டங்கள் தட்டுத் தட்டாக நகர்கின்றன என்ற கொள்கை உருப்பெற்றதோ அதற்கு வெகு பின்னால், 1960-களில்தான். கயிலாயப் பக்கம் மட்டுமல்ல, எவரெஸ்ட் உச்சியே கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். அவ்வளவு சிரமப்பட்டு ஏறுகிறவர்கள் கடைசியில் கால் வைப்பது பழைய கடல் தரையில்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டீர்களே: கயிலாயத்தைச் சுற்றியபோது கான்சருக்கு வயது 25. சூரிச்சில் பேராசிரியர் வேலை கிடைக்க இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று.